950 ரூபாய்க் கண்டாங்கியில் சாந்திக் கல்யாணத்துக்குப் போகலாமா?

கேள்வி – ஜனவரி 8, மாலை

தேவகோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். எங்கள் தாளாளருக்கு இந்த மாதம் 29-ஆம் தேதி சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம், கானாடுகாத்தானில் அவர்களுடைய பெரிய வீட்டில். ஸ்டாஃப் எல்லாரும் வர வேண்டும். மற்ற டீச்சர்கள் பட்டு எடுத்தாயிற்று, இரண்டு பேர் தவணையில். என்னிடம் இருப்பது தீபாவளிக்கு எடுத்த கண்டாங்கி, காரைக்குடிப் பக்கம் நெய்கிற பருத்திப் புடவை, 950 ரூபாய். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, நடுவில் கறுப்புக் கோட்டுக் கட்டம். இன்னும் கட்டவில்லை. மேற்கொண்டு ஆயிரம் ரூபாய் செலவு செய்யலாம், அதற்கு மேல் முடியாது. அந்த வீட்டில் இதைக் கட்டிக்கொண்டு நின்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா அக்கா?

ஜனவரி 8, இரவு

தாராளமாகப் போகலாம். ஆனால் கடையில் மடித்துக் கொடுத்த மடிப்போடு அப்படியே எடுத்துக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. பருத்திப் புடவை எளிமையாக இல்லாமல் ஏனோதானோ என்று தெரிவதற்கு விலை காரணமே இல்லை. அலசாமல், கஞ்சி போடாமல், பொருந்தாத பிளவுஸோடு கட்டுவதுதான் காரணம். காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன், பட்டும் பருத்தியும் தினமும் கையில் புரள்கின்றன. பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுக்குத் தோளில் சரிகிற பிளவுஸைப் போட்டால், பார்க்கிறவர் கண் நேரே அந்தத் தோளுக்குத்தான் போகும்.

உங்கள் ஆயிரத்தில் பெரும்பங்கு தையலுக்குப் போகட்டும். நகைக்கு ஒரு பைசா வேண்டாம்.

புடவையோடு பிளவுஸ் துணி சேர்ந்து வந்ததா? அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 9, மதியம்

சேர்ந்தே வந்திருக்கிறதாம், மொத்தம் ஆறேகால் மீட்டர். அதை வெட்டிவிடுங்கள். சிலர் பிளவுஸ் துணியை வெட்டாமல் உள்ளே சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். மெல்லிய சில்க்கில் அது தெரியாது. கஞ்சி போட்ட பருத்தியில் முக்கால் மீட்டர் அதிகம் என்றால் இடுப்பைச் சுற்றி ஒரு சுற்றுச் சதை போட்ட மாதிரி ஆகிவிடும்.

வெட்டிய துணியில் பிளவுஸ் தைக்கவும் வேண்டாம். கட்டத்துக்கு மேல் கட்டம் என்றால் உடம்பு முழுக்க ஒரே துணியாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அது சரி, விசேஷத்துக்குப் போதாது. கரையின் அரக்கு நிறத்திலேயே பிளெயின் காட்டன் ஒரு மீட்டர் எடுங்கள். துணி எடுக்கப் போகும்போது புடவையைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்கு வெளியே வந்து வெயிலில் வைத்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத்தான் தெரியும். துணி, லைனிங், தையல் கூலி எல்லாம் சேர்த்து எங்கள் ஊர்ப் பக்கம் 600, 650-க்குள் முடிந்துவிடும்.

முழங்கை வரை கை. கழுத்து முன்னால் சாதாரண வட்டம், பின்னால் ஓரளவு இறக்கம். வெட்டிய கட்டம் போட்ட துணியிலிருந்து கழுத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய பைப்பிங் வைக்கச் சொல்லுங்கள். மிச்சத் துணியை வைத்திருங்கள், கர்சீஃப் வைக்க ஒரு சுருக்குப் பை தைக்கலாம்.

இன்னொன்று, அளவு பிளவுஸ் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த அளவு பிளவுஸே பல வருஷம் முன்னால் தைத்ததாக இருக்கும், அதிலுள்ள கோளாறு அப்படியே புதியதற்கும் வந்துவிடும். அன்றைக்குப் போடப்போகிற உள்ளாடையையே போட்டுக்கொண்டு போய் உடம்பில் அளவு கொடுங்கள். தைத்ததும் கடையிலேயே போட்டுப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். பிளவுஸ் அடிப்பக்கம் மேலே ஏறினால் அக்குள் வெட்டு சரியில்லை என்று அர்த்தம், பிரித்துத் தைக்கச் சொல்லலாம். உள்ளே ஒரு அங்குலமாவது துணி விடச் சொல்லியிருந்தால்தான் இது நடக்கும்.

ஜனவரி 10, இரவு

இன்றைக்குக் கஞ்சி. இதைத்தான் எல்லாரும் அவசரமாகச் செய்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

புதுக் கைத்தறிப் புடவையில் ஏற்கனவே ஒரு விறைப்பு இருக்கும். நெய்யும்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அது. அதை நம்பி அப்படியே கட்டினால் ஒரு இடம் நிற்கும், ஒரு இடம் தொங்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசுங்கள். அரக்குச் சாயம் முதல் தண்ணீரில் கொஞ்சம் இறங்கும், பதற வேண்டாம். ஊறவைத்துவிட்டு மறந்துபோய் மறுநாள் எடுக்கிற கதைதான் ஆபத்து. அப்போதுதான் கரையின் சாயம் மஞ்சளில் ஏறும். பத்து நிமிஷம் போதும். கல் உப்பு போடச் சொல்வார்கள். போட்டால் போடுங்கள், ஆனால் சீக்கிரம் அலசி எடுப்பதுதான் உண்மையில் காப்பாற்றுகிறது.

இந்த அலசல் முடிந்த பிறகுதான் ஃபால்ஸ் அடிக்க வேண்டும். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். முன்பே ஃபால்ஸ் அடித்திருந்தால் கீழ்ப்பக்கம் சுருக்கு விழுந்து, கொசுவம் நேராகவே நிற்காது. ஃபால்ஸ் துணியையும் ஒரு முறை நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சிக்கு வடிகஞ்சியை விட ஜவ்வரிசி நல்லது, உங்கள் புடவைக்குக் கண்டிப்பாக. அரிசிக் கஞ்சி அரக்கிலும் கறுப்பிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடும். ஜவ்வரிசி கண்ணாடி போலக் காயும். இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் மணி மணியாகத் தெரிவது மறையும்வரை காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அரை வாளித் தண்ணீரில் கலந்து, புடவையை விரித்து முக்கி எடுங்கள். பிழியும்போது முறுக்காதீர்கள்.

நிழலில் காயட்டும். முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் சில்லென்று இருக்கிற பதத்தில் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக் குறுக்கே இழுங்கள், பிறகு நெடுக்கே. இழுக்கும்போது ஒரு சின்னச் சடசடப்பு கேட்கும், கட்டமெல்லாம் நேருக்கு வந்து உட்காரும். அந்த ஈரத்திலேயே உள்பக்கமாக இஸ்திரி போட்டுவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் அவர் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் போடுவார், மறுபடி திட்டு வரும்.

29-ஆம் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் செய்தால் சரியாக இருக்கும். அலசலையும் ஃபால்ஸையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

ஜனவரி 12, காலை

"கண்டாங்கி அடுப்பங்கரைப் புடவை, அதைச் சபைக்குக் கட்டலாமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. அந்தக் காலத்தில் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பெண்கள், ஆச்சிமார், அன்றாடம் வீட்டில் கட்டிய புடவைதான் இது. பின்கொசுவம் வைத்து, கெண்டைக்கால் தெரிகிற உயரத்தில், வேலைக்குத் தோதாகக் கட்டினார்கள். விசேஷத்துக்குப் பட்டுதான். அதை மறைத்து இது ராணிகள் கட்டியது, அது இது என்று கதை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தேவாங்கர் குடும்பங்கள் இங்கே தலைமுறையாக நெய்கிறார்கள். தறிகளின் எண்ணிக்கை என் கண்முன்னாலேயே குறைந்துவிட்டது. வீட்டு உள்முற்றமான வளவில் நாற்பது பட்டுக்கு நடுவே நன்றாகக் கட்டிய ஒரு கண்டாங்கி நின்றால், அந்த வீட்டுப் பெரிய ஆச்சிதான் முதலில் கூப்பிட்டு "எங்கே எடுத்தே?" என்று கேட்பார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விலை கேட்பதற்காக இல்லை, தங்கள் ஆயா, அதாவது பாட்டி, கட்டியதை மறுபடி பார்த்த சந்தோஷத்துக்காக.

கறுப்பு விஷயத்துக்கு வருகிறேன். பள்ளத்தூரிலிருந்து எழுதிய ஆச்சி, சாந்தியில் கறுப்பு கூடாது என்கிறார்கள். முழுக் கறுப்பு கூடாதுதான், அதை நானும் சொல்வேன். உங்கள் புடவையில் உடல் மஞ்சள், கரை அரக்கு, இரண்டும் மங்கல நிறம். கறுப்பு, கட்டத்துக்குக் கோடு மட்டும். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு இந்த மூன்றும் கண்டாங்கியில் ஆதியிலிருந்து வருகிற கூட்டு. ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிளவுஸை மட்டும் கறுப்பில் போட்டுவிடாதீர்கள், இன்றைய ஃபேஷன் அது என்று கடையில் சொல்வார்கள்.

ஜனவரி 12, இரவு

சிங்கப்பூரிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு: அப்பத்தாவின் பழைய கண்டாங்கி உயரம் போதவில்லை என்றால், கீழே துணி ஒட்டாதீர்கள், கரையின் அழகு போய்விடும். பழைய கண்டாங்கி அகலம் 40 அங்குலம் போலத்தான் இருக்கும், இப்போது வருவது 46, 48. மேல்பக்கம், இடுப்பில் சொருகுகிற ஓரத்தில், அதே நிறத்தில் ஆறு அங்குலப் பருத்திப் பட்டையை வைத்துத் தைத்துவிடுங்கள். சொருகும் பகுதி வரை போதும், முந்திப் பக்கம் வேண்டாம். எல்லாம் பாவாடைக்குள் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. பழைய துணிக்குக் கெட்டிக் கஞ்சியும் ஆகாது. மடிப்பு விழுந்த இடத்தில் இற்றுப்போகும்.

ஜனவரி 15

பூ பற்றி நேற்றிலிருந்து நாலு பேர் கேட்டாயிற்று. தை மாதம் மல்லிகைக்குக் கை வைக்க முடியாது, பனியில் வரத்து குறைந்து விலை எங்கேயோ நிற்கும். கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டிய கதம்பம் ஒரு முழம் போதும். மாம்பழ மஞ்சளுக்கு அந்தக் கனகாம்பர நிறம் எடுப்பாக இருக்கும், மரிக்கொழுந்து வாசம் மாலை வரை நிற்கும். தாழக் கொண்டை போட்டு அதைச் சுற்றி வையுங்கள். பின்னல் என்றால் முந்தி அதை மறைத்துவிடும்.

ஜனவரி 17, இரவு

நகை. புதுவயல் தம்பி ஒருவர், அக்காவுக்காகக் கேட்கிறாராம், கவரிங்கில் ஒரு காசுமாலையும் ஒட்டியாணமும் வாடகைக்கு எடுத்தால் கிராண்டாக இருக்குமே என்கிறார். அக்காவுக்காக இவ்வளவு யோசிக்கிற தம்பி கிடைப்பதே பெரிய நகைதான். ஆனால் வேண்டாம் தம்பி. அது நகரத்தார் வீட்டுச் சாந்தி. அன்றைக்கு அந்த ஆச்சி கழுத்தில் கழுத்திரு, நகரத்தாரின் பெரிய தங்கத் தாலி, ஏறும். வருகிற ஆச்சிமார் காதில் வைரம் இருக்கும், தலைமுறை தலைமுறையாக வைரம் பார்த்த கண்கள். அங்கே போய் எடைக்கு எடை நிற்பது நமக்குத் தேவையே இல்லாத போட்டி.

காதில் உங்கள் சொந்தத் தோடு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது. கழுத்தில் மெல்லிய செயின் ஒன்று. கையில் அரக்குக் கண்ணாடி வளையல், கைக்கு ஆறு. வளையல் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், அந்தச் சத்தம் விசேஷ வீட்டுக்கு நன்றாக இருக்கும்.

பிளவுஸில் ஆரி ஒர்க் எம்பிராய்டரி போடலாமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள். கட்டம் போட்ட புடவைக்குப் பக்கத்தில் மணியும் ஜரிகையும் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆரி ஒர்க்கில் எனக்கும் வருமானம் உண்டு, நன்றாகவே உண்டு. இருந்தாலும் இந்தப் புடவைக்குப் போடச் சொல்ல மனம் வரவில்லை.

ஜனவரி 18, காலை

இரவு படுத்த பிறகு யோசித்தேன். ஆரியே கூடாது என்பது எல்லாருக்கும் பொருந்தாது. பிளெயின் உடலும் அகலக் கரையும் உள்ள செட்டிநாடு காட்டன் என்றால், கை ஓரத்தில் நூலிலேயே, மணி இல்லாமல், ஒரு வரி போடலாம். உங்களுடையது நெருக்கக் கட்டம், அதற்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

ஜனவரி 18, மாலை

செருப்பு! இதை யாருமே கேட்கவில்லை, இதுதான் அந்த வீட்டில் முக்கியம்.

ஹீல்ஸ் போட்டுக்கொண்டு அந்த உயரத்துக்குப் புடவை கட்டுவீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முகப்புக்குள் ஏற வேண்டும். ஏறியதும் இரண்டு அங்குலப் புடவை தரையில் கிடக்கும். அரைநாள் முழுக்க ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையில் வெறுங்காலோடுதான் நடக்கப்போகிறீர்கள், அந்தத் தரை வழுவழுவென்று இருக்கும், கரையை மிதித்தால் அவ்வளவுதான். வீட்டில் கட்டும்போதே வெறுங்காலில் நின்று, தரைக்கு அரை அங்குலம் மேலே இருக்கிற மாதிரிக் கட்டுங்கள். வாசல்வரை தட்டைச் செருப்பு போதும். காலில் கொலுசு இருந்தால் போடுங்கள், குதிகாலைக் கொஞ்சம் கவனியுங்கள். அன்றைக்கு உங்கள் கால் எல்லார் கண்ணிலும் படும்.

ஜனவரி 21, இரவு

கேள்வி கேட்ட டீச்சர் இப்போதுதான் சொல்கிறார், இவரையும் சேர்த்து டீச்சர்கள் நாலு பேரை வரவேற்பில் நிறுத்துகிறார்களாம். சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டு. இது தெரிந்த பிறகு முந்தி விஷயத்தில் என் யோசனை மாறுகிறது.

முந்தியை மடிப்பு வைக்காமல் ஒற்றையாக விட்டால் கண்டாங்கிக் கட்டம் முழுசாகத் தெரியும், எனக்கு அதுதான் ஆசை. தனியாகக் கேட்ட ஒருவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் தட்டு ஏந்தி, குனிந்து நிமிர்ந்து, பன்னீர் தெளித்து நிற்கிறவருக்கு ஒற்றை முந்தி சரிப்படாது. இடது கை முழுக்க அதைத் தாங்குவதிலேயே போய்விடும், சந்தனமும் அதில்தான் ஈஷும். மடிப்பு வையுங்கள். நாலு அங்குல மடிப்பு, கரை வெளியே தெரிகிற மாதிரி. முந்தி நீளம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. முதல் நாள் இரவே மடித்து, கிளிப் போட்டு, மேலே இஸ்திரி ஓட்டி, ஒரு ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

ஊக்கைத் தோளில் வெளியே தெரிகிற மாதிரிக் குத்தாதீர்கள். பிளவுஸின் உள்பக்கமிருந்து குத்தி, மடிப்புகளில் அடியில் உள்ள இரண்டு மூன்றை மட்டும் பிடித்து உள்ளேயே பூட்ட வேண்டும். ஊக்கின் வளைவில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டால், துணி அந்தச் சுருளுக்குள் போய்ச் சிக்காது. கைத்தறியில் ஒரு இழை அறுந்தால் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். தோளில் ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று, இடுப்புப் பக்கம் ஒன்று, ஆக மூன்று. என் கடைக்கு வரும் ஒரு ஆச்சி பேரன் கல்யாணத்துக்குப் பதினேழு ஊக்கு குத்தி வந்தார்கள். ராத்திரி அத்தனையும் கழற்ற மருமகள் இரண்டு பேர் உட்கார வேண்டியிருந்தது, மூன்று பேரும் சிரித்துச் சிரித்து விடிந்துவிட்டதாம்.

ஜனவரி 24

டீச்சர், புடவையைக் கட்டி ஒத்திகை பார்த்தீர்களே, அதுதான் புத்திசாலித்தனம். முன்பக்கம் பலூன் மாதிரி எழும்புகிறது என்றால் இரண்டு காரணம். பாவாடையின் கீழ்விரிவு அதிகம், குறைந்த விரிவுள்ளதாக மாற்றுங்கள், மஞ்சள் நிறத்திலேயே, பருத்தியில். நாடாவை இறுக்கமாகக் கட்டுங்கள். இரண்டாவது, கொசுவம் எட்டு வைத்திருக்கிறீர்கள். பருத்திக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஒவ்வொன்றும் ஐந்து அங்குல அகலம். மிச்சத்தை இடது இடுப்புப் பக்கம் நகர்த்திச் சமமாகப் பரப்பிச் சொருகிவிடுங்கள். கொசுவத்தைச் சொருகியதும் ஒரு ஆளைக் கீழே உட்காரவைத்து, அடி ஓரத்தைப் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக நேராக இழுக்கச் சொல்லுங்கள். தனியாகக் குனிந்து நாமே இழுத்தால் மேலே கலைந்துவிடும்.

கஞ்சி இன்னும் போடவில்லை என்றதும் ஒரு யோசனை: இரண்டுக்குப் பதில் ஒன்றரை மேசைக்கரண்டி ஜவ்வரிசியோடு நிறுத்துங்கள். அரைநாள் நின்றுகொண்டே இருக்கப்போகிறவருக்கு, கொஞ்சம் இளகிய பதம்தான் சுகம்.

ஜனவரி 26, இரவு

பஸ் விஷயம். தேவகோட்டையில் ஏறி, காரைக்குடியில் மாறி, கானாடுகாத்தான் போய்ச் சேர்வதற்குள் மடியில் குறுக்கு மடிப்பு நாலு விழும். வேன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காரைக்குடியில் இறங்கி என் கடைக்கு வந்து கட்டிக்கொள்ளுங்கள், தனியாகத் தகவல் அனுப்பியிருக்கிறேன். வேறு ஊரில் இதே சங்கடம் உள்ளவர்கள், உட்காரும்போது முன்கொசுவத்தை இரண்டு கையாலும் ஒரு பக்கமாகச் சேர்த்துத் தள்ளிவிட்டு உட்காருங்கள், கொசுவத்தின் மேல் உட்காராதீர்கள். இறங்கியதும் ஈரக்கையால் மேலிருந்து கீழாக ஒரு தடவு.

மொத்தச் செலவு 910 ரூபாய் ஆயிற்று என்று டீச்சர் கணக்கு அனுப்பியிருக்கிறார். பூவுக்கு மிச்சம் இருக்கிறது.

ஜனவரி 30, மதியம்

டீச்சர் என் கடைக்கு வந்துதான் கட்டிக்கொண்டு போனார். பிளவுஸ் யார் தைத்தார்களோ, தோள் வெட்டு அருமை, கை வைக்க இடமில்லை. கொசுவத்தை மட்டும் நான் இழுத்துவிட்டேன். தட்டோடு முகப்பில் நிற்கிற போட்டோ அனுப்பியிருக்கிறார், பின்னால் தேக்குத் தூண், முந்தி மடிப்பு காலையில் வைத்தபடியே நிற்கிறது. அந்த வீட்டு ஆச்சி ஒருவர் கரையைக் கையில் எடுத்துப் பார்த்து, எந்தத் தறி என்று விசாரித்தார்களாம். சொல்லத் தெரியவில்லை என்கிறார். எடுத்த கடையில் கேட்டு வையுங்கள், மறுபடி யாராவது கேட்பார்கள்.

பந்தியில் சாம்பார் சிந்தியதற்கு: எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கடலை மாவைத் தூவி அரைமணி விட்டுத் தட்டிவிடுங்கள். பிறகு சோப்பு. சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும், பயந்து அழுத்தித் தேய்க்காதீர்கள், அது மஞ்சளின் குணம். அலசிவிட்டு அந்த இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் வெளுத்துவிடும். முழுப் புடவையையும் வெயிலில் போட்டால் அரக்கும் சேர்ந்து வெளுக்கும்.

கஞ்சியோடு மடித்துப் பீரோவில் வைக்க வேண்டாம், அதைத் தின்னத்தான் பூச்சி வரும். இரண்டு தண்ணீர் அலசி, கஞ்சி முழுக்கப் போன பிறகு காயவைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மாசத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். பங்குனியில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது என்றீர்களே, அதற்குப் பிளவுஸ் மட்டும் பச்சையில் தைத்துக்கொள்ளலாம். கறுப்புக் கட்டத்துக்குப் பாசிப்பச்சை ஒத்துவராது, இலைப்பச்சை எடுங்கள்.